டவர் குறைந்த ஊரில் மின்னஞ்சல் வழியாக இணையப்பக்கங்களைப் பெறும் முறை

செட்டிநாட்டின் காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்களில் கைப்பேசித் தொடர்பு ஓரளவு சீராகக் கிடைத்தாலும், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், அதிலும் தடித்த செங்கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட பழைய வீடுகளின் இரண்டாங்கட்டுக்குள் போய்விட்டால், ‘டவர் இல்லை’ என்ற சொல்லைத்தான் நாள்தோறும் கேட்க வேண்டியிருக்கிறது. முகப்பில் நின்றால் இரண்டு கோடு காட்டும் கைப்பேசி, நடுமுற்றமான வளவைக் கடந்து அடுப்படிக்குப் போவதற்குள் ஒன்றும் காட்டாமல் ஆகிவிடுகிறது. இந்த நிலையில் ஓர் இணையப்பக்கத்தைத் திறந்தால் அது பாதி வந்து நின்றுவிடும். மறுபடி முயன்றால் முதலிலிருந்து தொடங்கும். டேட்டா தீரும், பக்கம் வராது. ஆனால் அதே கைப்பேசியில், அதே இடத்தில், ஒரு மின்னஞ்சல் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு, தேவையான இணையத் தகவலை மின்னஞ்சலாகவே வரவழைத்துப் படிப்பதற்கான வழிகளை இங்கே விளக்குகிறேன். கல்லூரி மாணவர்கள், ஊர் நூலகத்தைக் கவனிப்பவர்கள், கைத்தொழில் செய்யும் மகளிர் குழுவினர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாகப் பெரிய வீட்டைக் காத்துவரும் மூத்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் மின்னஞ்சல் ஏன் வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இணையப்பக்கம் ஒன்றைத் திறக்கும்போது நம் கைப்பேசியும் எங்கோ உள்ள சர்வரும் (பக்கங்களைச் சேமித்து வழங்கும் கணினியும்) ஒரே நேரத்தில் விழித்திருந்து, பத்திருபது கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் தொடர்பு அறுந்தால் அந்த வேலை குலைந்துவிடும். மின்னஞ்சலில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் விழித்திருக்கத் தேவையில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டு விற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களின் கடிதம் கப்பல் வரும்வரை துறைமுகத்தில் காத்திருந்து பிறகு ஊர் வந்து சேர்ந்ததைப் போல, மின்னஞ்சலும் வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் சேமிக்கப்பட்டு, அடுத்த வழி திறக்கும்போது நகர்கிறது. பெறும் சர்வர் கிடைக்கவில்லை என்றால், அனுப்பும் சர்வர் குறைந்தது 4 அல்லது 5 நாள்கள் வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதே மின்னஞ்சல் நெறிமுறையின் பரிந்துரை. கடைசிக் கட்டத்தில், அதாவது நம் கைப்பேசிக்கு வரும் கட்டத்தில், நாம் எப்போது டவர் உள்ள இடத்துக்குப் போகிறோமோ அப்போது அது இறங்கிக்கொள்ளும்.

இன்னொரு காரணம் எடை. இன்றைய சராசரி இணையப்பக்கம் ஒன்று படங்கள், எழுத்துருக்கள், விளம்பர நிரல்கள் எல்லாம் சேர்ந்து 2 மெகாபைட்டைத் தாண்டுகிறது. பழைய 2ஜி தொடர்பில் நொடிக்கு 40 கிலோபிட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் பக்கம் இறங்க ஏறத்தாழ 7 நிமிடம் தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டும். அதே பக்கத்தில் நாம் படிக்க விரும்பும் எழுத்து மட்டும் 20 கிலோபைட் அளவுக்குள் அடங்கிவிடும். அது வந்து சேர 4 நொடி போதும். ஆகவே, நல்ல தொடர்பு உள்ள வேறோர் இடத்தில் பக்கத்தைத் திறக்கச் செய்து, அதிலிருந்து எழுத்தை மட்டும் உரித்தெடுத்து நமக்கு அனுப்பச் செய்வதுதான் இங்கே சொல்லப்படும் எல்லா வழிகளுக்கும் அடிப்படை.

இது புதிய உத்தி அன்று. இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஆர்க்கைவ் என்ற கட்டுரைக் களஞ்சியம், 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் தொடங்கியபோது, மின்னஞ்சலில் கேட்டால் மின்னஞ்சலில் கட்டுரை அனுப்பும் தானியங்கியாகவே இருந்தது. 1990-களின் நடுவில் அகோரா என்ற நிரல், மின்னஞ்சலில் எழுதிக் கேட்ட இணையப்பக்கத்தை எழுத்தாக மாற்றித் திருப்பி அனுப்பியது. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய சர்வதேச கோட்பாட்டு இயற்பியல் மையம், வளரும் நாடுகளின் அறிவியலாளர்களுக்கு இணையம் எட்டாத நிலையைக் கண்டு, 1990-களின் இறுதியில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ4மெயில்’ என்ற நிரலை உருவாக்கி இலவசமாக வழங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ‘டெக்’ என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, நாம் தேட விரும்பும் சொல்லை மின்னஞ்சலில் பெற்று, தானே தேடி, பக்கங்களை இறக்கி, படங்களை நீக்கி, சுருக்கி, ஒரே மடலாக அனுப்பியது. நமக்கு அண்டையில் உள்ள மேலூர் வட்டாரத்திலும் 2000-களின் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கிராம இணைய மையங்கள் நடந்தன. அதன் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் மட்டுமே. அந்த வேகத்திலேயே கிராமத்தினரின் கண்களைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பி ஆலோசனை பெற்றார்கள்.

பழைய வழிகாட்டிகளில் காணப்படும் அந்தக் காலத்துச் சேவை முகவரிகளுக்கு இப்போது எழுதிப் பயனில்லை. அவற்றுள் பெரும்பாலானவை நின்றுவிட்டன. கொள்கை மட்டும் அப்படியே செல்லும். இன்றைக்குக் கையில் உள்ள கருவிகளைக் கொண்டு அதை எப்படிச் செய்வது என்று இனிப் பார்க்கலாம்.

கைப்பேசியையும் கணினியையும் தயார் செய்தல்

மின்னஞ்சலை உலாவியில் திறந்து படிக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். உலாவியில் திறக்கும் அஞ்சல்பெட்டியும் ஓர் இணையப்பக்கம்தான். அதற்கும் அதே தொல்லை உண்டு. கணினியில் தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் மென்பொருளையும், கைப்பேசியில் ஜிமெயில் செயலியையோ ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டையோ நிறுவிக்கொள்ள வேண்டும். இவை மடல்களைக் கருவிக்குள்ளேயே சேமித்து வைப்பதால், டவர் இல்லாத இடத்திலும் படிக்கலாம், பதில் எழுதலாம். எழுதிய பதில் அவுட்பாக்ஸில் காத்திருந்து, தொடர்பு கிடைத்தபின் புறப்படும். இந்த மென்பொருள்களை நிறுவும் வேலையை மட்டும் காரைக்குடிக்குப் போகும்போது, நல்ல தொடர்பு உள்ள இடத்தில் முடித்துக்கொண்டு வருவது சிரமத்தைக் குறைக்கும்.

நிறுவியபின் இரண்டு அமைப்புகளைத் தவறாமல் மாற்ற வேண்டும். முதலாவது, மடலின் அளவுக்கு வரம்பு வைப்பது. தண்டர்பேர்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மடல்களை இறக்க வேண்டாம் என்று சொல்லும் வசதி, கணக்கு அமைப்புகளில், ஒத்திசைவும் சேமிப்பும் பற்றிய பகுதியில் இருக்கிறது. அதை 50 கிலோபைட் என்று வைத்துவிட்டால், யாரோ அனுப்பிய கல்யாணப் படங்கள் வழியை அடைத்துக்கொண்டு, நமக்கு வேண்டிய மடல் பின்னால் காத்துக் கிடக்கும் நிலை வராது. பெரிய மடல்களுக்குத் தலைப்பு மட்டும் வரும். தேவையென்றால் நாமே தொட்டு முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, வெளிப்படங்களைத் தானாகக் காட்டுவதை நிறுத்துவது. தண்டர்பேர்டில் இது முதலிலிருந்தே நிறுத்தப்பட்டிருக்கும். ஜிமெயிலில், வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியை எங்கே வைப்பது என்பதும் சிறிய விஷயம் அன்று. வீட்டுக்குள் வானம் தெரியும் இடம் வளவுதான். அதன் தாழ்வாரத் தூணருகே மழைநீர் படாமல் வைத்தாலே பல வீடுகளில் உள் அறையைவிட நன்றாக எடுக்கும். அங்கும் எடுக்காவிட்டால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் சிறிது நேரம் வைத்து, அவுட்பாக்ஸ் காலியானதும் எடுத்து வரலாம். விடியற்காலையிலும் பின்னிரவிலும் கைப்பேசிக் கோபுரத்தைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதால், மடல்களை இறக்க அந்த நேரங்களே ஏற்றவை.

கேட்காமலே வருபவை

ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டுப் பெறுவதற்கு முன், தொடர்ந்து தேவைப்படும் தகவலைத் தானாக வரும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் இதை விட்டுவிட்டு நேரடியாகச் சிக்கலான வழிகளுக்குப் போகிறார்கள். செய்தித்தளங்கள், வலைப்பதிவுகள் பலவற்றில் ஆர்.எஸ்.எஸ். ஓடை, அதாவது புதிய பதிவுகளைத் தானாகப் பட்டியலிட்டுத் தரும் கோப்பு, உண்டு. பிளாக்ட்ராட்டர் போன்ற சேவையில் அந்த ஓடையின் முகவரியையும் நம் மின்னஞ்சல் முகவரியையும் ஒரு முறை கொடுத்துவிட்டால், புதிய பதிவு வரும்போது அது மடலாக வந்துவிடும். வந்தவுடன் அனுப்பும்படி வைக்காமல், நாளுக்கு ஒரு தொகுப்பாக அனுப்பும்படி வைப்பதே நம் நிலைமைக்குப் பொருந்தும்.

மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதில் பெரும் பயன் இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் ‘லித்தியம் மின்கலம்’ பற்றிய ஆங்கிலத் தேடலை ஒரு முறை அமைத்து, அதற்கு மின்னஞ்சல் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டால், அந்தப் பொருளில் புதிய கட்டுரை வெளிவரும்போதெல்லாம் தலைப்பும் சில வரிகளும் மடலில் வரும். மருத்துவம் படிப்பவர்கள் பப்மெட் தளத்தில் தேடலைச் சேமித்து இவ்வாறே அறிவிப்புப் பெறலாம். ஆர்க்கைவ் இன்றும் தன் புதிய கட்டுரைகளின் சுருக்கங்களை மின்னஞ்சல் பட்டியலாக அனுப்புகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் பயிற்சிக்கு வரும் மாணவர், விடுமுறையில் கண்டனூரிலோ நெற்குப்பையிலோ உள்ள தம் வீட்டுக்குப் போனாலும், இந்த மூன்று ஏற்பாடுகள் இருந்தால் தம் துறையில் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிடாமல் தொடரலாம். சுருக்கத்தைப் படித்து முழுக் கட்டுரை வேண்டும் என்று தோன்றினால், அதில் தொடர்புக்கு உரியவராகக் குறிக்கப்பட்டிருக்கும் ஆசிரியருக்கே இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். இது ஆய்வுலகில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட வழக்கம்; தயங்க வேண்டியதில்லை.

நல்ல தொடர்பு உள்ள உறவினரைக் கேட்பது

செட்டிநாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஒரு பிள்ளையாவது இருக்கிறது. எந்தத் தானியங்கியையும்விட இதுவே சிறந்த ஏற்பாடு என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் மனிதருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று புரியும். ஆனால் கேட்கும் முறை சரியாக இருந்தால்தான் இது உதவும். ‘கண்டாங்கிச் சேலை பற்றி ஏதாவது இருந்தால் அனுப்பு’ என்று எழுதினால், அந்தப் பிள்ளை அன்போடு பத்துச் சுட்டிகளை அனுப்பிவைக்கும். நம்மால் அவற்றுள் ஒன்றைக்கூடத் திறக்க முடியாது.

கேட்கும் மடலில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தப் பக்கம் அல்லது எந்தக் கேள்வி, அதில் எந்தப் பகுதி, எந்த வடிவில், எப்போதைக்குள். எடுத்துக்காட்டாக, ஊர் வாசகசாலையைக் கவனிக்கும் ஒரு பெண் சென்னையில் இருக்கும் தம் அண்ணனுக்கு இப்படி எழுதலாம்:

“அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு அனைவரும் நலம். யுனெஸ்கோ தன் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தது பற்றிய அதன் சொந்தப் பக்கம் எங்களுக்குத் தேவைப்படுகிறது. அதில் வீடுகளின் கட்டட அமைப்பைப் பற்றி எழுதியுள்ள பத்திகளை மட்டும் நகலெடுத்து மடலிலேயே ஒட்டி அனுப்புங்கள். படங்களும் சுட்டிகளும் வேண்டாம். 3 பக்கத்துக்கு மேல் போனால் எழுத்துக் கோப்பாக்கி, ஜிப் செய்து சுருக்கி இணையுங்கள். பக்கத்தின் முகவரியையும் எடுத்த தேதியையும் கடைசியில் குறித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போதும், அவசரம் இல்லை. ஆச்சி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.”

முகவரியையும் தேதியையும் கேட்பது வெறும் சம்பிரதாயம் அன்று. நாளை அந்தத் தகவலை மனுவிலோ கட்டுரையிலோ பயன்படுத்தும்போது அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றபின், நெசவாளர் ஒருவர் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமைக்கு விண்ணப்பிக்க விதிகளைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலம் தெரியாத பத்தி அவருக்கு எந்த அலுவலகத்திலும் உதவாது.

பொருள் வரியில் ‘வணக்கம்’ என்றோ ‘ஒரு உதவி’ என்றோ எழுதாமல், ‘புவிசார் குறியீடு, பயனர் விண்ணப்ப விதிகள்’ என்று எழுத வேண்டும். தலைப்பு மட்டும் இறங்கும் நிலையில், எந்த மடலை முழுதாக இறக்குவது என்று தீர்மானிக்க அந்த ஒரு வரிதான் நமக்குக் கிடைக்கும்.

தானியங்கியைக் கேட்பது

இரவிலும் விடுமுறையிலும் உறவினரைத் தொல்லைப்படுத்த முடியாது. அதற்குத் தானியங்கி வேண்டும். நடுக்கடலில் செல்லும் பாய்மரப் படகோட்டிகளுக்காக நடத்தப்படும் செயில்டாக்ஸ் என்ற இலவசச் சேவை நமக்கும் பயன்படும். செயில்டாக்ஸ் டாட் காம் என்ற தளத்தின் ‘குவெரி’ என்ற அஞ்சல்பெட்டிக்கு, மடலின் உடலில் ‘செண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பக்கத்தின் முழு முகவரியை ஒரே வரியில் எழுதி அனுப்பினால், அந்தப் பக்கத்தின் எழுத்து மடலாகத் திரும்பி வரும். பொருள் வரியில் என்ன இருந்தாலும் அது பொருட்படுத்தப்படாது. மடலை வெறும் எழுத்து வடிவில் அனுப்ப வேண்டும். கையொப்பமாகத் தானே சேரும் வரிகளை நீக்கிவிட வேண்டும். கப்பலோட்டிகளின் வானிலைத் தேவைக்காக அமைந்தது என்பதால் ஆங்கிலப் பக்கங்களுக்கே இது ஏற்றது. தமிழ்ப் பக்கங்களுக்கு அடுத்துச் சொல்லும் வழியே மேலானது.

அது, நமக்கென்று ஒரு தானியங்கியை நாமே அமைத்துக்கொள்வது. இதற்குத் தனிக் கணினியோ வாடகை சர்வரோ தேவையில்லை. கூகுள் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் வசதி இலவசமாகக் கிடைக்கிறது. ஊருக்கோ வாசகசாலைக்கோ என்று ஒரு புதிய ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, அதற்குள் ஒரு சிறிய நிரலை எழுதி வைத்தால், அது குறித்த நேரத்துக்கு ஒரு முறை விழித்தெழுந்து, வந்திருக்கும் மடல்களைப் படித்து, கேட்ட பக்கத்தை கூகுளின் சர்வரிலிருந்தே திறந்து, எழுத்தை மட்டும் எடுத்துப் பதிலாக அனுப்பிவிடும். நிரல் எழுதத் தெரியாதவர்கள் அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கும் மாணவர் ஒருவரைக் கேட்டால், ஐம்பது அறுபது வரிகளில் முடித்துத் தருவார். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே விளக்கமாகச் சொல்கிறேன்.

நிரல் முதலில் படிக்கப்படாத மடல்களைத் தேட வேண்டும். அவற்றுள் நாம் முன்கூட்டியே பட்டியலிட்ட முகவரிகளிலிருந்து வந்தவற்றையும், பொருள் வரியில் நாம் வைத்திருக்கும் மறைசொல் உள்ளவற்றையும் மட்டுமே ஏற்க வேண்டும். அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதுவது எளிது என்பதால் பட்டியல் மட்டும் போதாது, மறைசொல்லும் அவசியம். பிறகு மடலின் உடலில் முதலில் வரும் இணைய முகவரியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, தமிழ் எழுத்துகளுக்கு இன்று வழங்கும் யூ.டி.எஃப்-8 குறிமுறையில் படித்து, நிரல் பகுதிகளையும் அலங்காரப் பகுதிகளையும் முழுதாக நீக்கி, பக்க அமைப்புக்கான மீதிக் குறிச்சொற்களைக் களைந்து, அடுத்தடுத்து வரும் வெற்று வரிகளை ஒன்றாக்க வேண்டும். பக்கத்தில் உள்ள சுட்டிகளுக்கு எண் கொடுத்து, அவற்றின் முகவரிகளை மடலின் இறுதியில் வரிசையாக எழுதச் செய்வது மிகவும் முக்கியம். அது இருந்தால்தான், வந்த பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்தைக் கேட்க முடியும். 1992-இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த லிங்ஸ் என்ற எழுத்து உலாவியிலும், பக்கத்தை எழுத்தாக வெளியிடச் சொன்னால், சுட்டிகளை இப்படி எண்ணிட்டுக் காட்டும் வசதி உண்டு. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபின், எழுத்து மட்டுமே காட்டும் ஷெல் கணக்கு வைத்திருந்த மாணவர்களுக்கு இத்தகைய எழுத்து உலாவி நினைவிருக்கும்.

இலவசக் கணக்கில் இந்த நிரல் நாளுக்கு 100 பேருக்கு மடல் அனுப்பலாம். தானாக இயங்கும் மொத்த நேரம் நாளுக்கு 90 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு முறை விழித்தெழும்படி வைத்தால் நாளுக்கு 144 முறை ஓடும். ஒவ்வொரு முறையும் சில நொடிகளே ஆகும் என்பதால் வரம்புக்குள்ளேயே இருக்கும். ஒரு சிற்றூரின் வாசகசாலைக்கு இது தாராளமாகப் போதும். நீளமான பக்கத்தைத் துண்டுகளாக வெட்டி அனுப்பும்படியும், ஒவ்வொரு துண்டின் பொருள் வரியிலும் ‘3-இல் 1’ என்பது போல எண் இடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்; மூன்றாவது துண்டு தவறிப்போனால் அதை மட்டும் மறுபடி கேட்கலாம்.

தமிழ் எழுத்துக்கு உரிய கவனம்

தமிழ்ப் பக்கங்களை இவ்வழியில் பெறும்போது ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு சுமை உண்டு. இதைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒருங்குறியில் (யூனிகோட்) ‘காரைக்குடி’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லில், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 10 குறிகள் இருக்கின்றன. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் அது 30 பைட் ஆகிறது. மின்னஞ்சல் பழைய ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்த வழி. தமிழ் அதில் செல்ல வேறு வேடம் பூண வேண்டும். கோட்டட்-பிரிண்டபிள் என்ற வேடத்தில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக எழுதப்படுவதால் அதே சொல் 90 பைட் ஆகிவிடும். பேஸ்64 என்ற வேடத்தில் 40 பைட்டோடு நின்றுவிடும். ஆகவே, 10,000 குறிகள் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை முதல் முறையில் ஏறத்தாழ 90 கிலோபைட்டாகவும், இரண்டாவது முறையில் 40 கிலோபைட்டாகவும் வரும். சொந்தமாக நிரல் எழுதுவோர் இதைக் கவனித்தால் பாதிக்கு மேல் மிச்சம்.

அதைவிட நல்ல வழி, தமிழ்க் கட்டுரையை எழுத்துக் கோப்பாக்கி ஜிப் செய்து இணைப்பது. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில் ஜிப் வல்லது என்பதால் கோப்பு பல மடங்கு சிறுத்துவிடும். இணைப்புக் கோப்பாகப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு கூடினாலும், மொத்தத்தில் லாபமே. இரண்டு மூன்று பத்தி மட்டுமுள்ள சிறு செய்திகளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அவற்றை மடலிலேயே ஒட்டிவிடலாம்.

இணைய முகவரியிலும் இதே தொல்லை தலைகாட்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் காரைக்குடிப் பக்கத்தின் முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்தால், ஊர்ப் பெயர் மட்டும் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக 90 எழுத்துக்கு நீளும். மின்னஞ்சல் மென்பொருள்கள் 76, 78 எழுத்துக்கு அருகில் வரியை முறிப்பது வழக்கம் என்பதால், முகவரி இரண்டாக உடைந்து, தானியங்கிக்குப் பாதி முகவரிதான் போய்ச்சேரும். ‘பக்கம் இல்லை’ என்று பதில் வரும். விக்கிப்பீடியாவின் கருவிப் பட்டியில் குறுகிய முகவரி பெறும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது. மற்றத் தளங்களுக்கு, நம் நிரலில் முகவரியைக் கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதும்படியும், அவற்றுக்குள் வரும் வரிமுறிவை நீக்கிவிடும்படியும் விதி வைக்கலாம்.

பழைய தமிழ்த் தளங்கள் சில ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் எழுத்து மடலில் வரும்போது பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால், எழுத்துருமாற்றி ஒன்றைக் கணினியில் முன்பே சேமித்து வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே மாற்றிப் படிக்கலாம்.

எதற்குப் பயன்படாது

உள்நுழைவு கேட்கும் பக்கங்கள் எதற்கும் இந்த வழி உதவாது. உதவுவது போலத் தோன்றினாலும் பயன்படுத்தக் கூடாது. வங்கிக் கணக்கு, ஆதார், தேர்வாணையப் பதிவு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் கடவுச்சொல்லையோ எண்ணையோ ஒரு தானியங்கிக்கோ உறவினருக்கோ மடலில் எழுதி அனுப்பினால், அது பல சர்வர்களில் நகலாகத் தங்கிவிடும். அத்தகைய வேலைகளுக்குப் பேருந்து ஏறிக் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ போய் வருவதே சரி. பக்கம் திறந்தபின் நிரல் ஓடித்தான் உள்ளடக்கம் தோன்றும் தளங்களும் இப்போது பெருகிவிட்டன. அவற்றைக் கேட்டால் தலைப்பும் வெற்றிடமும் மட்டும் வரும். அங்கே உறவினரை நாடுவதே வழி.

அரசாணைகளும் படிவங்களும் பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்புகளாகவே இருக்கின்றன. நகலெடுத்துப் படமாக்கப்பட்ட பி.டி.எஃப். சில மெகாபைட் எடை உள்ளது. அதை அப்படியே அனுப்பச் சொல்லாமல், தேவையான பக்க எண்களை மட்டும் பிரித்து, கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பும்படி கேட்க வேண்டும். எந்தப் பக்கம் தேவை என்று தெரியாவிட்டால், முதலில் பொருளடக்கத்தை மட்டும் எழுத்தாகக் கேட்டுப் பெற்று, அதைப் பார்த்துப் பக்க எண்ணைச் சொல்லலாம். விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை, அடிக்கடி பார்ப்பவர்கள் ஒவ்வொரு பக்கமாகக் கேட்பதைவிட, கிவிக்ஸ் என்ற செயலியையும் அதற்குரிய தமிழ் விக்கிப்பீடியாக் கோப்பையும் ஊருக்கு வரும் உறவினரிடம் ஒரு பென்டிரைவில் கொண்டுவரச் சொல்வது மேல். அதன்பின் அந்தத் தேவைக்கு இணையமே வேண்டியதில்லை.

வாசகசாலையில் இதை நடத்துபவர்கள் ஒரு நோட்டில், கேட்டவர் பெயர், கேட்ட பொருள், மடல் அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி ஆகியவற்றை எழுதி வர வேண்டும். அனுப்பிய தேதியிலிருந்து 2 நாள் ஆகியும் பதில் வராவிட்டால், முதலில் அவுட்பாக்ஸைப் பாருங்கள். பெரும்பாலும் கோரிக்கை அங்கேயே தங்கியிருக்கும். அடுத்து ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். தானியங்கியிடமிருந்து வரும் முதல் சில மடல்கள் அங்கே விழக்கூடும் என்பதால், அந்த முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால், சிறிய பக்கம் ஒன்றைக் கேட்டுச் சோதியுங்கள். சிறியது வந்து பெரியது வராவிட்டால் அளவு வரம்பில் தடை. இரண்டும் வராவிட்டால் நிரலுக்குக் கொடுத்த அனுமதி காலாவதியாகியிருக்கலாம். அதை எழுதிக் கொடுத்த மாணவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.